நீலக் கொக்கி

"போயிடுங்க," என்றான் கைதி. வணக்கம் சொன்னதற்குக் கிடைத்த பதில் அதுதான்.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்மணி அசையவில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்கிறாள் என்று போலீஸ்காரர்கள் அவளுக்கு 'துருவி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். துப்பறியும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்று அவளும் அதையே வைத்துக்கொண்டாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தவன் உதவியாளன் பம்பரம். ஓரிடத்தில் நிற்கமாட்டான். நிற்க வைத்தால் வாய் சுற்ற ஆரம்பித்துவிடும்.

"உங்க மனைவி அனுப்பித்தான் வந்திருக்கோம்," என்றாள் துருவி.

"அவளையும் போகச் சொல்லுங்க."

"அவங்க எங்க போவாங்க? வீட்டுலதான் இருக்காங்க. வெயில்ல வந்தது நாங்கதான்," என்றான் பம்பரம்.

கைதி சிரிக்கவில்லை. சிரித்துப் பல நாளான முகம் அது. கைதாகும் வரை அவன் நகரத்தின் அவசர அழைப்பு நிலையத்தில் நெட்வொர்க் இன்ஜினியராக இருந்தவன். உயிர் ஊசலாடும் நேரத்தில் யார் போன் செய்தாலும் மணி அடிப்பது அந்த நிலையத்தில்தான். ஆம்புலன்ஸ் கிளம்புவதும் அங்கிருந்துதான். வருகிற அழைப்பெல்லாம் ஃபயர்வால் என்ற காவல் பெட்டிக்குள் நுழைந்துதான் உள்ளே போக வேண்டும். ஒரு மத்தியானம் அந்தப் பெட்டியிலிருந்து உள்ளே போகும் இணைப்பு செத்துப்போனது. எந்த மணியும் அடிக்கவில்லை. அந்த நேரத்தில் மூச்சுத் திணறலோடு திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்த ஒரு பெண் இறந்துபோனாள். நிலையத்து மேற்பார்வையாளரின் மனைவி அவள்.

புகார் கொடுத்தவர் அந்த மேற்பார்வையாளர். நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டவன் இந்த இன்ஜினியர். வேண்டுமென்றே செய்த நாசவேலை என்று போலீஸ் எழுதியது. அதற்குக் காரணமும் இருந்தது. 'சரியான உதிரிப் பாகங்களை வாங்கி வையுங்க. இல்லேன்னா ஒருநாள் எல்லாம் படுத்துடும், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்' என்று நிர்வாக அதிகாரியிடம் அலுவலகமே கேட்கும்படி அவன் கத்தியிருந்தான். எச்சரிக்கை என்று அவன் சொன்னது, வழக்கில் மிரட்டல் என்று ஏறிவிட்டது.

"எப்ப செஞ்சீங்க?"

"காலையில. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வேலையாப் போறதுக்கு முன்னாடி."

"என்ன செஞ்சீங்க?"

"ஃபயர்வால்லேருந்து வர்ற கேபிளோட எதிர்முனையில, கேபிள் சொருகற மாட்யூலை எடுத்துட்டுத் தப்பான மாட்யூலைச் சொருகினேன்."

"ஏன்?"

"கோபம்."

"கோபத்துல இருக்கறவன் கேபிளைப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் போதுமே. மாட்யூலைத் தேடி எடுத்து, பொறுமையா மாத்தி, கேபிளைத் திரும்பப் பொருத்தி... இவ்வளவு நிதானமா ஒரு கோபமா?"

கைதி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்தது கோபமில்லை. பயம்.

"இதோட விட்டுடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். கேஸை விட்டுடுங்க," என்றான். காவலரைக் கூப்பிட்டு, தன்னை உள்ளே அழைத்துப் போகச் சொன்னான்.

வெளியே வந்ததும் பம்பரம் சொன்னான்: "இந்தக் கட்டடத்துல இருக்கற எல்லாரும் 'நான் செய்யலை'ம்பாங்க. இவர் ஒருத்தர்தான் செஞ்சேன்னு சொல்றார். எனக்கு இவர் மேலதான் சந்தேகம் வரல."

"பயப்படறான்டா. தனக்காக இல்ல. வேற யாருக்காகவோ."

*

கணினிச் சாமான் கடைக்காரர் துருவி நீட்டிய போட்டோவை மூக்குக்கு நேரே வைத்துப் பார்த்தார். வழக்கில் சான்றுப் பொருளாக வைத்திருக்கும் மாட்யூலின் படம். கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் உலோகத் துண்டு, முனையில் நீல நிறத்தில் சின்னக் கொக்கி.

"இது தூரத்து மாட்யூல்," என்றார். இழுப்பறையிலிருந்து இரண்டு மாட்யூல்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றின் கொக்கி கறுப்பு, இன்னொன்றின் கொக்கி நீலம். மற்றபடி இரண்டும் ஒரே அச்சு. "கறுப்பு, ஒரே ரூமுக்குள்ள இருக்கற மெஷினுக்கு. இதுக்குக் கேபிள் கடல்பச்சை. நீலம், தூரத்துக் கட்டடத்துக்கு. கேபிள் மஞ்சள். சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கட்டும்னுதான் கலரே வெச்சிருக்கான்."

"மாத்திச் சொருகினா உள்ள போகாதா?"

"போகாம இருந்தா ஒரு தொல்லையும் இல்லையே. ஜோராப் போகும். க்ளிக்குனு உட்காரும். சில பெட்டியில விளக்குகூட எரியும். ஆனா இது அனுப்பற வெளிச்சம் வேற, எதிர்முனையில இருக்கறது எதிர்பார்க்கற வெளிச்சம் வேற. ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாது."

"நானும் என் மாமியாரும் மாதிரி," என்றான் பம்பரம்.

"இன்னும் இருக்கு, கேளுங்க. வேகம் ஒத்துப்போகணும். ஃபயர்வால் செஞ்ச கம்பெனி அந்த மாட்யூலை ஏத்துக்கணும். துளைக்கு அளவு சரியா இருக்குன்னு மட்டும் பார்த்து வாங்கிட்டுப் போறவன்தான் மறுநாள் என் கடை வாசல்ல வந்து சண்டைக்கு நிப்பான்."

துருவி மாட்யூலைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள்: "காலையில தப்பானதைப் போட்டுட்டாங்க. மத்தியானம் வரைக்கும் வேலை செஞ்சுட்டு, அப்புறம் சாகுமா?"

"ஏம்மா, தப்பான சாவி காலையில கதவைத் திறந்துட்டு மத்தியானத்துலேருந்து திறக்க மாட்டேன்னா சொல்லும்? சொருகின அந்த நொடியே அது பிணம்."

கடையை விட்டு இறங்கும்போது துருவியின் நடையில் வேகம் கூடியிருந்தது. இணைப்பு செத்தது மத்தியானம். அப்போது இன்ஜினியர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இருந்தான். அப்படியானால் மாட்யூலை மாற்றியது வேறொரு கை.

"அதுவும் கெடுக்க வந்த கை இல்லடா. கெடுக்க நினைச்சவன் இழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பான். இது சரி பண்ண வந்த கை. பாடம் தெரியாத கை."

"அப்ப குற்றவாளி ஒரு நல்லவரா? நல்லவங்களைப் பிடிச்சு நமக்குப் பழக்கமே இல்லையே மேடம்."

*

அவசர அழைப்பு நிலையத்தின் வாசலிலேயே கைப்பேசியை வாங்கி லாக்கரில் வைத்துவிட்டார்கள். உள்ளே ஹெட்போன் மாட்டிய பெண்களும் ஆண்களும் வரிசையாக உட்கார்ந்து, யாரோ ஒருவரின் பதற்றத்தைத் தணிந்த குரலில் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வையாளர் எழுந்து வந்து வரவேற்றார். ஐம்பது வயது இருக்கும். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. மனிதர் உள்ளே சுருங்கிப்போயிருந்தார். எதிரியின் மனைவி அனுப்பிய ஆட்கள் என்று தெரிந்தும் மரியாதையாகத்தான் பேசினார்.

"கேளுங்க. மறைக்க ஒண்ணுமில்ல. அவனுக்குத் தண்டனை கிடைக்கணும், அவ்வளவுதான். போனை லாக்கர்ல வாங்கி வெச்சாங்களா? இங்க எல்லாருக்கும் அதான் விதி, எனக்கும் சேர்த்து. அதனாலதான் அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். எனக்குப் பண்ணாதே, என்னால எடுக்க முடியாது. அவசர நம்பருக்குப் பண்ணு, நான் அங்கதான் இருப்பேன்னு." அவர் மேஜை மேலிருந்த பேனாவை நேராக வைத்தார். "சொன்ன மாதிரியே செஞ்சிருக்கா. ஒரு தடவைகூட என் போனுக்குக் கூப்பிடல."

பம்பரம் கால் மாற்றுவதை நிறுத்தினான்.

அன்றைக்கு வேலையில் இருந்த ஆபரேட்டர் பெண்ணை துருவி விசாரித்தாள்.

"மத்தியானம் கால் எல்லாம் விட்டு விட்டு வந்துச்சுங்க. பாதிப் பேச்சுல கட் ஆகும். மறுபடி அவங்களே கூப்பிடுவாங்க. அப்புறம் திடீர்னு ஒண்ணுமே வரல. ஊர்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சுக்கிட்டோம். எல்லாரும் சேர்ந்து டீ குடிச்சோம்." அந்தப் பெண் மேற்பார்வையாளர் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அடித்த மணியை எடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

கருவிகள் இருக்கும் அறை கூடத்தின் கோடியில் இருந்தது. ஏசி பாதி நாள் மக்கர் செய்யும் என்பதால் கதவைத் திறந்தே வைத்திருப்பார்களாம். அப்படியானால் யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். துருவியின் சந்தேகக் கணக்கில் இங்கே உட்கார்ந்திருந்த ஆபரேட்டர்கள் எல்லாருமே சேர்ந்துவிட்டார்கள்.

ஆள் உயர இரும்புச் சட்டத்தில் ஃபயர்வால் முனகிக்கொண்டிருந்தது. துருவி குனிந்து டார்ச் அடித்தாள். அவளுக்கு இப்போது சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்பதே நினைவில்லை. நூல் கையில் கிடைத்துவிட்டால் அவள் அப்படித்தான்.

"சார், இதைப் பாருங்க. நீங்க நினைக்கற மாதிரி இது நாசவேலை இல்ல. இந்தத் துளையிலதான் தூசி கலைஞ்சிருக்கு, மாட்யூலை மாத்தினது இங்கதான். பக்கத்துத் துளையைப் பாருங்க. நீலக் கொக்கி, மஞ்சள் கேபிள். அது தூரத்துக் கட்டடத்துக்குப் போறது. உதிரி மாட்யூல் எங்க வைப்பீங்க?"

மேற்பார்வையாளர் சட்டத்தின் கீழே இருந்த டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே இருந்தவை எல்லாம் நீலக் கொக்கிகள். வேறொரு கட்டடத்தில் மிஞ்சியதை நிர்வாகம் இங்கே கொட்டி வைத்திருந்தது. இன்ஜினியர் கத்தியது இதற்காகத்தான்.

"நினைச்சேன். லைன் விட்டு விட்டு வருது. பழைய மாட்யூல் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தர் சரியாவே கண்டுபிடிக்கறார். டிராயரைத் திறக்கறார். எதைப் போடறதுன்னு பக்கத்துத் துளையைப் பார்க்கறார். நீலம். டிராயர்லயும் நீலம். எடுத்துப் போட்டுடறார். நல்ல மூளைதான் சார். பக்கத்து இலையைப் பார்த்துப் பரீட்சை எழுதினார், பாவம், அது வேற கேள்வித்தாள்."

"நீலம் தப்பா?" என்றார் மேற்பார்வையாளர்.

"இந்தத் துளைக்குத் தப்பு. கேபிளைப் பாருங்க, கடல்பச்சை. எதிர்முனையில இருக்கறது கறுப்பு."

"எதிர்முனையிலதானே அவன் தப்பா மாத்தி வெச்சான்? இந்த முனை சரியாத்தான் இருந்துச்சு."

"மேடம், போதும். வாங்க, போலாம்," என்றான் பம்பரம். அவன் குரலில் வழக்கமான குறும்பு இல்லை. துருவி அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அந்தக் கேபிளின் எதிர்முனை இருந்த கீழ்ப்பெட்டிக்கு டார்ச்சைத் திருப்பினாள்.

"எதிர்முனையை யாருமே தொடல சார். தூசியைப் பாருங்க. கொக்கி மேல, கேபிள் மேல, பெட்டி மேல எல்லாம் ஒரே படலமா, விட்டுப்போகாம படிஞ்சிருக்கு. ரொம்ப நாளா ஒரு விரல்கூட படல. கெட்டது முழுக்க இந்த முனையில, அந்த நீலத்தாலதான்."

துருவி நிமிர்ந்தாள். பம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேற்பார்வையாளர் தன் வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"க்ளிக்குனு சத்தம் வந்துச்சு. விளக்குகூட எரிஞ்சுது," என்றார்.

துருவிக்குக் கையிலிருந்த டார்ச் கனத்தது. அணைக்கத் தோன்றவில்லை.

"வாசல்ல லாக்கர்கிட்டப் போய் போன் பண்ணினேன் அவனுக்கு. வந்துட்டிருக்கேன் சார்ன்னான். அதுவரைக்கும் இப்படி கால் கட் ஆகிட்டே இருந்தா யாராவது செத்துடுவாங்களேன்னுதான்..." அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "நான் வெளிய வந்தப்ப ஹால் அமைதியா இருந்துச்சு. ஒருத்தர் போனும் கட் ஆகல. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். எல்லாருக்கும் டீ சொன்னதே நான்தான்."

ஃபயர்வாலின் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

"அவன் வந்தான். உள்ள போய் என்னமோ பண்ணினான். உடனே மணி அடிச்சுது. முதல் கால் எங்க பக்கத்து வீட்டம்மா. அவன் என் பக்கத்துலதான் நின்னான். மறுநாள் வீட்டுக்கு வந்து சொன்னான். நீங்க போட்டது சரிதான் சார், எதிர்முனையில காலையில நான் போட்டதுதான் தப்பு. நீங்க தொட்டதை யார்கிட்டயும் சொல்லாதீங்க, உங்க வேலை போயிடும்னான். நான் அவனைச் செருப்பைக் கழட்டி அடிச்சேன். கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்ல. ஏன் தடுக்கலைன்னு இப்பத்தான் தெரியுது."

"சார், கொஞ்சம் உட்காருங்க," என்று பம்பரம் அவர் தோளைத் தொட்டான்.

அவர் உட்காரவில்லை. கூடத்தைக் கடந்து, லாக்கரில் கைப்பேசியை எடுக்காமலே, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் திசையில் நடந்து போனார்.

*

இன்ஜினியரின் வீட்டில் துணி மூட்டை ஒன்று கட்டி வைத்திருந்தது. கணவனுக்கு மாற்று உடை. அவன் மனைவி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, துருவி சொன்னதை முழுவதும் குறுக்கிடாமல் கேட்டாள். சொல்வது துருவிக்குச் சுலபமாக இல்லை. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ உண்மைகளைச் சொல்லியிருக்கிறாள். தன் வாயே கொண்டுபோய் ஒரு மனிதனைப் படுகுழியில் தள்ளிவிட்ட உண்மையைச் சொன்னதில்லை.

"எதுக்காக அவர் தலையில போட்டுக்கிட்டார்?" என்று கேட்டாள் மனைவி.

பம்பரம் சொன்னான். "பொண்டாட்டி சாவுக்குத் தானே காரணம்னு ஒரு மனுஷன் தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு நினைச்சிருக்கார். திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்தா அந்த மனுஷன் பிழைச்சுக்குவார்னு."

"என்கிட்டகூட சொல்லலையே."

"சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?"

அவள் யோசித்தாள். "விட்டிருக்க மாட்டேன்," என்றாள். "இப்ப வெளிய விட்டுடுவாங்கதானே?"

அந்த நேரத்தில் துருவியின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? அந்த மனுஷன் இங்க வந்து, நான்தான் கொன்னேன், என்னைப் பிடிங்கன்னு ஒரே புலம்பல். சரின்னு ஜெயிலுக்கு ஆள் அனுப்பி உங்க இன்ஜினியரையும் கேட்டுட்டேன். பொண்டாட்டி போன துக்கத்துல அவருக்குப் புத்தி கலங்கிடுச்சு, நான்தான் செஞ்சேன்னு மறுபடி எழுதிக் கொடுத்துட்டான்."

"காலையில செஞ்சிருக்க முடியாது சார். தப்பான மாட்யூல் போட்ட உடனே..."

"அதையும் கேட்டாச்சு. மத்தியானம் நடுவுல ஒருதரம் வந்து மாத்திட்டுப் போனேன்கிறான்."

துருவி கண்ணை மூடிக்கொண்டாள். சிறைக்குள்ளிருந்து அவன் ஓட்டையை அடைத்துவிட்டான். "எதிர்முனையில தூசி இருக்கு. அதை யாரும் தொடல. நீங்களே வந்து பாருங்க."

"இருந்துச்சு. நீங்க போயிட்டு வந்ததைக் கேள்விப்பட்டு நிர்வாகம் இன்னிக்குச் சாயந்திரம் மொத்தத்தையும் கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிட்டாங்க. எல்லாம் சரியான சாமானாம், டிராயர் நிறைய உதிரியும் வாங்கி வெச்சிருக்காங்களாம். இனிமே பிரச்சனை வராதுன்னு எனக்கே போன் பண்ணிச் சொன்னாங்க." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். அவரும் கெட்டவர் இல்லை. "மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கொடுத்த வாக்குமூலம் இருக்கு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. அந்த மனுஷனை நல்ல டாக்டரைப் பாருங்கன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

போன் அணைந்தது. மூவரும் அந்தத் துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜாமீன் மனு, வேறு வக்கீல், ஆஸ்பத்திரிக் கட்டடத்துச் சாட்சிகள் என்று துருவி எதையெதையோ சொல்ல ஆரம்பித்தாள். அவள் குரலே அதை நம்பவில்லை. தானே உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவனை வெளியே இருந்து யார் திறக்க முடியும்?

இன்ஜினியரின் மனைவி அதைக் கேட்கவே இல்லை. "அவரைத் தனியாவா வீட்டுக்கு அனுப்பினாங்க?" என்று கேட்டாள்.

"யாரை?"

"அந்த மனுஷனைத்தான். வீட்டுல வேற யாரும் இல்லையே." அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "வீடு எங்க இருக்கு?"

*

இரண்டாவது மாடியில் கதவு சாத்தாமல் கிடந்தது. மேற்பார்வையாளர் கூடத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல், தரையில் உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். துருவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணே, நான் இன்ஜினியரோட சம்சாரம்," என்றாள் அவள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "உன் புருஷனைச் செருப்பால அடிச்சேம்மா."

"தடம் இருந்துச்சு. கேட்டேன். கதவுல இடிச்சுக்கிட்டேன்னார்."

"நான் போய்ச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. அவனை வெளிய கொண்டுவர முடியலம்மா."

"தெரியும் அண்ணே." அவள் கூடத்து விளக்கைப் போட்டாள். "ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வி அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. இல்லை என்று தலையசைத்தார். அவள் மேற்கொண்டு கேட்காமல் சமையலறைக்குள் போனாள். அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தமும், பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. அவர் மனைவி போனதிலிருந்து அந்த அடுப்பை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

மாடிப்படியில் துருவியும் பம்பரமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"மேடம், நாம கண்டுபிடிச்சதுல யாருக்காவது ஒரு நல்லது நடந்துச்சா?" என்று பம்பரம் கேட்டான். வேடிக்கையாகக் கேட்கவில்லை.

"இல்ல," என்றாள் துருவி.

உள்ளே டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் ஓசை. அப்புறம் மேற்பார்வையாளரின் குரல், ரொம்ப நேரம் பேசாமல் இருந்து பேசுகிறவரின் கரகரப்போடு, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனது.

"அதுல உப்பு இருக்காதும்மா. உப்புன்னுதான் எழுதியிருக்கும். அவ சர்க்கரை போட்டு வெச்சிருப்பா."